கீறல் விழுந்த காதுகுத்து சிடி

சுங்குவார்சத்திரம்

அன்புள்ள இசக்கிசெல்விக்கு,

நலம். அத்தையும் நீயும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாப்பாவின் காதுப்புண் ஆறிவிட்டதா?

டிவிடி பிளேயரில் போட்டுப் போட்டுப் பார்த்ததில் காதுகுத்து சிடியில் கீறல் விழுந்துவிட்டது. முழுசாகக் கெடுவதற்குள் ரூம்மேட் சக்திகுமாரின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட நினைத்தேன். அதன் டிரைவ் பழுது என்பதால் வெளியிலிருந்து மாட்டும் டிரைவ் வாங்கப் போனேன். ஷிப்டுக்கு முன் முடியவேண்டும், வேகமானதாகக் கொடுங்கள் என்றேன்.

கடைக்காரர் சிடியைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா, இவ்ளோ கீறல் கீது? ஸ்பீடா சுத்துனா பாதியில நின்னுடும். மெதுவா படிக்கிறத எடுத்துக்கோ."

அதையே வாங்கினேன். முழுசாக ஏறிவிட்டது. நான்தான் உட்கார்ந்தபடியே தூங்கி, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் கொஞ்சம் சத்தம் போட்டார், அவ்வளவுதான்.

இன்றைய பஸ் ஹாரன் கேட்கிறது. ஒன்றே ஒன்று: வீடியோவில் மச்சான் மடியில் பாப்பா அழும்போது, அவள் கண்ணைத் துடைக்கிற உன் கை மட்டும்தான் தெரிகிறது. அடுத்த விசேஷத்தில் வீடியோக்காரரிடம் உன் முகத்தையும் எடுக்கச் சொல்.

மாரிராஜ்