சாப்பாட்டுக்கு எத்தனை பேர்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பட்டாபிராமில் ரயிலை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடப்பதற்குள் புடவை முதுகில் ஒட்டிவிட்டது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். டெய்லரிடம் ஜாக்கெட், மூன்றாவது வாரமாக.

என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு இந்த வருடத்தின் முதல் கூட்டம். குறை இருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள் என்றேன். குழாய், மின்விசிறி என்று வருமென நினைத்தேன். யாழினி எழுந்தாள்.

"மிஸ், சாப்பாட்டுக்கு எத்தினி பேருன்னு சத்துணவு அக்காகிட்ட சொல்ல எப்ப பாத்தாலும் அதே மூணு பேரையே அனுப்புறீங்க. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

ஒரே கைதட்டல். எனக்குச் சுருக்கென்று கோபம். யோசித்தால் உண்மைதான், பளிச்சென்று பேசுகிறவர்களை மட்டுமே அனுப்பியிருக்கிறேன். ஓட்டெடுப்பு. இனி வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினம் ஒருவர். கை தூக்கியவர்களில் ஆதிரையும்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். மைதானம் சேறு. இன்று அஞ்சலியின் முறை. ராணி மாதிரி போய்வந்தாள்.

நாளை அபிநயா. வியாழன் ஆதிரை. அதுதான் உறுத்துகிறது. ஆதிரைக்குப் பேச்சு திக்கும். ஜூனிலிருந்து அவள் ஆரம்பிக்கிற வாக்கியத்தையெல்லாம் நானே முடித்துவைக்கிறேன். உதவி என்று நினைப்பு. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சத்துணவு அக்கா நல்ல மனசுக்காரர், ஆனால் அவசரக்காரர். எண்ணிக்கையைத் தப்பாக எடுத்துக்கொண்டால் சில பிள்ளைகளுக்கு முட்டை இருக்காது. பழி ஆதிரை தலையில் விழும்.

ஜூலை 16, புதன்

வெயில். தலைமை ஆசிரியர் கேட்ட படிவம் இன்னும் கொடுக்கவில்லை. வாங்க: சாக்பீஸ், புளி, வீட்டில் அவருக்கு இருமல் மருந்து.

சாப்பிடும்போது ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் ஆதிரை விஷயத்தைச் சொன்னேன். "பேசாம ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். அது பாவம், எதுக்கு கஷ்டப்படுத்திகினு?" நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஜூலை 17, வியாழன்

மறுபடி மேகம். வருகை 28. சீட்டில் எழுதி ஆதிரை கையில் வைத்தேன். உடனே யாழினி, "மிஸ், அபிநயாவுக்கு நேத்து சீட்டு குடுக்கலியே?"

"நீ உக்காரு" என்று அதட்டினேன். ஆதிரை சீட்டைப் படித்தாள். நாலாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை.

சமையல்கூடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். ஐந்து ஆயிற்று. ஏழு. பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தாள். செருப்பெல்லாம் சேறு, முகமெல்லாம் வியர்வை.

"அக்கா ந... நடுவுலயே 'இருபதா?'ன்னு கேட்டாங்க மிஸ்."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவளே சொல்லட்டும்.

"இ... இருங்கக்கா, நான் இன்னும் முடிக்கலன்னு சொ... சொல்லிட்டேன்."