பிள்ளைக் காம்பராவில் இரண்டாவது ஆல்பம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. ஹட்டன் பக்கம் மண் சரிந்து பஸ் இல்லையாம். இருந்தால் மட்டும் எங்கே போகப்போகிறேன். போன் கடைக்கு இன்று லீவு.

பத்து மணிக்கு ரொஷான் வந்து வாசலில் நின்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு. கையில் கிட்டார் இல்லை, ஒரு பை பனிஸ். "ஸ்டெல்லா ஓட்டோவுல இருக்கா. எறங்க மாட்டேங்கிறா. நீ வந்து கூப்பிடணுமாம்."

கூப்பிடவில்லை. நானே போய் ஓட்டோவில் ஏறிக்கொண்டேன். மூன்று பேரும் மழைக்குள் உட்கார்ந்து பனிஸ் தின்றோம். கண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான் இங்கே எழுதிவிடுகிறேன். ஒரே தடவை, அதோடு சரி. போன டிசம்பர், கண்டி மேடை. 'ரிங் மட்டும் போகுது' பாட்டு. குவைத்துக்கு வேலைக்குப் போன அம்மாவுக்கு மகள் கோல் எடுப்பாள், ரிங் போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் கதறி அழ வேண்டும். முதல் ஆல்பம் வந்ததிலிருந்து ஒரு மேடை விடாமல் அழுதேன். அன்றைக்கு வரவில்லை. அழுகையும் இல்லை, குரலும் இல்லை. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினேன். ஏற்பாட்டாளர் பின்னாலேயே ஓடி வந்து, "ஒரு சொட்டாவது அழுதிருக்கலாமே தங்கச்சி" என்றார். அவர் பெயரை எழுதக் கை கூசுகிறது. கொழும்புக்காரர். இனி கொ.கா.

அதோடு நான் பாடுவதை விட்டேன். ஸ்டெல்லா ட்ரம்ஸுக்குப் போர்வை போட்டாள். ரொஷான் முழு நேரமும் ஓட்டோ. பேண்டுக்கு 'ஈரத் தீக்குச்சி' என்று பெயர் வைத்தவளை உதைக்க வேண்டும். நான்தான் வைத்தேன்.

கடைசி பனிஸை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா சொன்னது: "எனக்கு எதையாவது போட்டு அடிக்கணும் போல இருக்குடி. ட்ரம்ஸ, இல்லன்னா ஒன்ன."

ட்ரம்ஸை அடி என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளிர். கடையில் உடைந்த திரை மூன்று, தண்ணீரில் விழுந்தது ஒன்று.

ரெக்கோர்டிங்குக்கு வேண்டியவை: லெப்டொப் (ரொ. கொண்டுவருவான்). நீள வயர். மெத்தைகள், சுவரில் சாத்த. ஒழுகாத கூரை. கோபம் (இருக்கிறது).

இடம்தான் இல்லை. லயத்து வரிசை வீட்டில் முடியாது, நான்காவது வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். கோயில் மண்டபம் கேட்க வழியே இல்லை. போன தடவையே கோயில் தலைவர், "பேய் ஓட்டுறதுன்னா வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். மிஞ்சியது பிள்ளைக் காம்பரா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. மெத்தை தாராளம். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. சாவி அங்கே வேலை செய்யும் ஆயாவிடம்.

ஆயா என் அம்மா.

கேட்டேன். அம்மா கட்டிலில் துவாய் மடித்துக்கொண்டிருந்தார். குவைத்தில் வேலை செய்த வீட்டில் பழகிய அதே மடிப்பு, ஓரத்தோடு ஓரம் வைத்து, கையால் அழுத்தி. வந்து ஆறு வருடம், இன்னும் அந்த மேடத்துக்குப் பயந்த மாதிரி.

"சாவி தாரேன். ஆனா அந்த ரிங் பாட்ட என் காம்பராவுக்குள்ள பாடக் கூடாது."

"ஏங்க?"

"நோர்வூட் டவுனுக்கு மரக்கறி வாங்கப் போனா, 'பாவம் அந்தப் புள்ள, தாயில்லாம வளந்துச்சு'ன்னு என் காது படவே பேசுறாளுங்க. நான் பையத் தூக்கிக்கிட்டு பக்கத்துல நிக்கிறேன். நான் என்னா செத்தா போயிட்டேன்?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. என் ஒன்பது வயதில் விட்டுப் போனார், என் இருபது வயதில் திரும்பி வந்தார். போகும்போது 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். வந்த பிறகு வாயில் 'நீங்க'தான் வருகிறது. அதற்கு யாரும் பாட்டு கேட்பதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிள்ளைக் காம்பரா. சுவரில் யானை, முயல், அ ஆ இ ஈ. உத்தரத்தில் தொட்டில் கயிறு. எல்லாவற்றுக்கும் மேல் மெத்தை சாத்தினோம். பால் மா வாசம் மட்டும் போகவே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் என் குரல் கறள் பிடித்த கதவு. ரொ. கிட்டாரின் ஒரு தந்தி அறுந்தது. ஸ்டெல்லா குச்சியை உடைத்துவிட்டு, "அப்பாடா!" என்றாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்து எவ்வளவு நாள்.

வெளியே போன இரண்டு பெண்கள்: "உள்ள யாருடி கத்துறது?" "நம்ம ஆயா மகதான். பாட்டாம்." "அடி ஆத்தி, இது பாட்டா?"

ஆமாம், பாட்டுதான். பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு போகட்டும்.

முடித்தது மூன்று. ஒன்று, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவளின் வசவு. இரண்டு, "நீங்க எஸ்டேட்டா? தெரியவே இல்லையே" என்று என்னைப் பாராட்டிய கொழும்பு அக்காவுக்கு. மூன்று, 'அழ மாட்டேன் போ'. நான்காவது என் கொப்பியில் எழுதியபடி இருக்கிறது. அவர்களிடம் காட்டவில்லை.

அம்மா வாசற்படியில் குடையோடு காவல். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கொ.கா.விடமிருந்து வொய்ஸ் மெசேஜ். கடையில் ஆள் இருக்கும்போதே போட்டுத் தொலைத்தேன்.

"தங்கச்சி, திரும்பத் தொடங்கினதா கேள்விப்பட்டன். சந்தோசம். கொழும்பில பெரிய ஹோல் ஒண்டு பிடிச்சுத் தாறன், வெளியீட்டுக்கு. ஒரே ஒரு விசயம். ரிங் பாட்டைத் திரும்பவும் செய்யுங்கோ, இன்னும் கொஞ்சம் சோகமா. தேயிலை, அம்மா, கண்ணீர். மலையகம் எண்டா சனம் அதைத்தான் கேக்குது."

கேட்குதாம்! எங்கள் கண்ணீர் என்ன, பைக்கட்டில் அடைத்துக் கப்பலேற்றுகிற சரக்கா?

மாலை ஓட்டோவில் சண்டை. ரொ.: "ஒரு பாட்டுதானே. பாடிட்டு போவோம். அந்த ஹோல் நமக்கு இனி கெடைக்குமா?" அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஸ்டெல்லா: "இவ திரும்பவும் மேடையில மைக்க வச்சிட்டு எறங்குவா. நீ பாடுவியா அப்ப?"

கொப்பியை எடுத்து நான்காவது பாட்டை வாசித்தேன். பெயர் 'துவாய்'.

மூணா மடிக்கிற துவாய்
யாரு வீட்டுப் பழக்கம் இது?
பதினோரு வருசம் கழிச்சு வந்த பொம்பளயே,
எங்கம்மா எங்க?

ரொ. கண்ணாடியைத் துடைத்தான், துடைக்க எதுவும் இல்லாத கண்ணாடியை. "அம்மா வாசல்லதானே இருப்பாங்க. கேட்டுருமே."

தெரியும். அவர் கேட்கத்தான் எழுதினேன். கேட்டுவிடுவாரே என்று பயமும் இருக்கிறது. இரண்டும்தான்.

ஆகஸ்ட் 16, சனி

தொண்டை கரகரப்பு. அம்மா கேட்காமலே கொத்தமல்லி அவித்துப் பிளாஸ்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூடியில் துணி சுற்றி, சூடு போகாமல். குடித்தேன். குடிக்கும்போது கோபமாக வந்தது. இப்படி எல்லாம் செய்தால் நாளைக்கு நான் எப்படி அதைப் பாடுவது?

பாடுவேன். இதைப் பாடாமல் விட்டால் என் குரல் திரும்ப வராது. வராது என்று எனக்குத் தெரியும். கண்டியில் அடைத்துக்கொண்டதே இதுதான். போனதற்கு அழுது முடித்தாயிற்று. வந்ததற்கு இன்னும் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

சோப்பு, ரொ.வுக்குக் கிட்டார் தந்தி, சிம் கார்ட் லிஸ்ட், மறக்காமல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில்! கூரைத் தகரத்தில் சத்தமே இல்லை. ஒளிந்துகொள்ள மழையும் இல்லை.

தொடங்கும் முன் கொ.கா.வுக்கு எழுதினேன்: "ரிங் பாட்டு இனி இல்லை. ஹோல் வேண்டாம். வெளியீடு எங்கள் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில். வாங்க, நின்று கேட்கலாம்." ரொ. வாசித்துவிட்டு, "போடு" என்றான். அவன்தான் அழுத்தினான்.

'துவாய்', முதல் தடவை. இரண்டாம் வரியில் நிறுத்தினேன். இரண்டாம் தடவை, மூன்றாம் வரியில். கதவுக்கு அந்தப் பக்கம் குடை நுனி தரையில் தட்டும் சத்தம். மூன்றாம் தடவை கண்ணை மூடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு பாடினேன். 'எங்கம்மா எங்க' வந்தபோது அடிவயிற்றிலிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. அழுகை இல்லை. கோபம், சுத்தமான கோபம். எட்டு மாதம் எங்கே போயிருந்தது இந்தக் குரல்!

முடிந்தது. கதவு திறந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிள்ளைகள் அறை, பழக்கம். என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ரிங் பாட்டுல நான் செத்தவ," என்றார். "இதுல திட்டு வாங்குறேன். வாங்கிட்டு போறேன். உசுரோடதானே இருக்கேன்."

ஸ்டெல்லா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மா. "மூணா இல்லடி. நாலா. துவாய நாலாதான் மடிக்கிறது. ஆறு வருசமா கண்ணு முன்னுக்கு மடிக்கிறேன், இதுகூட பாக்கலியா நீ?"

"நாலாவா நீ மடிப்ப?"

"நாலாதான். ஊரெல்லாம் கேக்கப்போவுது, தப்பா பாடாத. திருப்பிப் பாடு."

வெளியே போகவில்லை. குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். ரொ. லெப்டொப்பில் மறுபடி அழுத்தினான். ஸ்டெல்லா குச்சியைத் தட்டினாள்.

நாலா என்று பாடினேன்.