வெடித்த நீராவிக் குழாயை அறுக்காமல் எக்ஸ்ரேயில் பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
குழாய் வெடிப்பில் இறந்த வெல்டரின் மனைவி,
ஆலைக் குடியிருப்பு, கடைசி வரிசை.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: வெடித்த குழாய்த் துண்டை வெளிச் சோதனைக்கூடத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் எங்கள் ஆலையின் நீராவிக் குழாய் வெடித்ததில் என் கணவரும், பக்கத்து வீட்டு ஃபிட்டர் அண்ணனும் இறந்துபோனார்கள். குழாயை வெல்டிங் செய்தவர் என் கணவர். அவர் வைத்த வெல்டு விட்டுப்போனதே காரணம் என்று நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை என்ற தைரியம்தான் ஐயா.

2. வெல்டிங் முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காற்றுக்குமிழோ விரிசலோ இல்லை என்று பார்த்த பிறகே நீராவியைத் திறப்பது வழக்கம். இந்த முறை எடுக்கவில்லை. உற்பத்தி நிற்கிறது என்று அவசரப்படுத்தினார்களாம். அன்று சாப்பிட உட்கார்ந்த என் கணவர், "எக்ஸ்ரே எடுக்காம ஸ்டீமை விடப்போறாங்க, எனக்கு மனசே ஒப்பல" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்துவிட்டார். என் சமையல்தான் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

3. இப்போது அந்தத் துண்டை ஆலைப் பட்டறையிலேயே அறுத்துச் சோதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இருப்பது அந்த ஒரு துண்டுதான். தப்பான இடத்தில் அறுத்தால் தடயம் போய்விடும். மிச்சமும் பழைய இரும்போடு உலைக்குப் போய்விடும். ரம்பம் படாமலே சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, உலோகத்தின் உட்புறத்தை அடுக்கடுக்காகக் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறதென்று என் கணவருடைய கூட்டாளிகள் சொல்கிறார்கள். முறிவு வெல்டில் தொடங்கியதா, குழாயின் இரும்பிலேயே குறை இருந்ததா என்று அதில் தெரியுமாம். என் கணவரை அறுத்துத் தைத்துத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அந்த இரும்பையாவது அறுக்காமல் பாருங்கள்.

4. ஃபிட்டர் அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். துக்கம் கேட்கப் போன என்னிடம், "உன் புருஷன் ஒழுங்கா வெல்டு வச்சிருந்தா என் புருஷன் உசுரோட இருந்திருப்பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுவது எனக்குக் கேட்கிறது. நான் அழுவதும் அங்கே கேட்கும். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறோம்.

5. ஆகவே அந்தத் துண்டைத் தங்கள் பொறுப்பில் எடுத்து, எக்ஸ்ரே சோதனைக்கு அனுப்ப உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் கணவர் மேல் குற்றமில்லை என்று வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் குற்றம்தான் என்று வந்தாலும் என்னிடம் மறைக்காதீர்கள் ஐயா. அக்காவின் காலில் விழவாவது எனக்கு அது தெரிய வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
வெல்டரின் மனைவி

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: மார்ச் 14