சம்பந்தம் பேச வந்தவர்கள் எதிரே உடைந்த யானை

அன்பு மகள் தமிழினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் தொப்பையும் விருத்தகிரீஸ்வரர் புண்ணியத்தில் சுகம், மூன்றும் நாளொரு வண்ணம் வளர்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீ சுகமா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

பெண்ணாடத்துக் கரும்புக்காரர் சுப்புராயன் தன் மகன் அன்புச்செல்வனுக்கு உன்னைக் கேட்டிருக்கிறார் அல்லவா, வெள்ளிக்கிழமை மனைவி ஆதிலட்சுமியோடு பேசி முடிக்க வந்துவிட்டார். நான் வேலை பார்க்கும் இந்தப் போர்க்குற்ற வழக்கு முடியாமல் வேலையை விடமாட்டேன், அவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் டீயோடு அனுப்பிவிடுங்கள் என்று நீ சொன்னதை யார் சொல்வது? வீரரான உன் அப்பா பால் வாங்கப் போய்விட்டார், வீட்டில் இரண்டு லிட்டர் இருந்தது. நானே சொன்னேன். சுப்புராயன் முகம் சுருங்கியது. "ஏம்மா, எங்கியோ சண்ட. கைதிங்கள அடிச்சிக் கொன்னவனும் அந்த ஊர்க்காரன், செத்தவங்களும் அந்த ஊர்க்காரங்க. ஜெர்மன்காரனுக்கு நடுவுல என்ன வேல? நம்ம பொண்ணுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார். நீ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். போர்க்குற்றம் உலகத்தில் எங்கே நடந்தாலும் ஜெர்மன் சட்டப்படி ஜெர்மனியிலேயே விசாரிக்கலாம், நம் நாட்டிலும் அறுபதாம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு, ஆனால் அரசாங்கமே புகார் கொடுத்தால்தான் கோர்ட்டு எடுக்கும் என்று விளக்குவதற்குள் ஆதிலட்சுமி கொட்டாவி விட்டார். "பைக்கு காணாப் போனாலே போலீஸ் ஸ்டேஷன்ல எங்க லிமிட் இல்லன்னு அலைய வுடறாங்க, இதுல உலகத்துக்கே லிமிட் இல்லியாம்" என்றார் சுப்புராயன்.

பேச்சை மாற்ற இருவரையும் நம் பீங்கான் தொழில் எஸ்டேட்டின் பொதுச் சூளைக்கு அழைத்துப் போனேன். அவர்களுக்கென்றே நான் செய்த பீங்கான் யானை அன்றுதான் வெந்து வெளியே வந்தது. சூளையைத் திறந்த கொளஞ்சியப்பன் அதன் வயிற்றில் முடி மாதிரி ஒரு விரிசலைப் பார்த்தார், தரையில் ஓங்கி அடித்தார். நம் எஸ்டேட் வழக்கம் உனக்குத் தெரியும், விரிசல் கண்டால் திறந்தவர் யார் சரக்கென்று கேட்காமல் அங்கேயே உடைத்துவிட வேண்டும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் உடைந்ததே என்று ஆதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கொளஞ்சியப்பன் காலைப் பிடிப்பதா கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. சுப்புராயன்தான் எகிறினார். "அந்தம்மா சரக்க நீ எப்பிடிய்யா ஒடைக்கலாம்?" கொளஞ்சியப்பன் கையைத் தட்டிக்கொண்டே, "யார் சரக்கா இருந்தா என்னங்க, தொறந்தவன் நானு. எனக்கென்னான்னு வுட்டா அடுத்தவனும் வுடுவான். அப்பறம் யாருதான் ஒடைக்கிறது?" என்றார்.

சுப்புராயன் குனிந்து யானைத் துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஜெர்மன்காரன் தொறந்துட்டான், அதானம்மா?" என்றார். யானைக்கு வக்கீல் கிடையாது, கூண்டில் நிற்கும் அந்த ஆளுக்கு உண்டு, அவன் பக்கமும் கேட்டுத்தான் தீர்ப்பு என்றேன். "கேளுங்க, நல்லாக் கேளுங்க. கேஸு முடியட்டும், பையன் இருப்பான்" என்று சொல்லிவிட்டார். ஆதிலட்சுமிக்கு மட்டும் இன்னொரு யானை வேண்டுமாம், தும்பிக்கையைத் தூக்கினாற்போல்.

ஆகவே கல்யாணக் கவலையை என்னிடம் விடு. அடுத்த மாதம் சாட்சி சொல்ல வருகிறாரே மகனைப் பறிகொடுத்த அம்மாள், அவருக்கு என் வயதுதான் என்றாய். அன்றைக்கு மறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார். அவர் அழுதால் சட்டம் பேசாதே, கையைப் பிடித்துக்கொள். தீர்க்காயுசாக, நிம்மதியான தூக்கத்தோடு இரு கண்ணு.

உன் அம்மா,
பானுமதி
விருத்தாசலம்