அப்பாவிடம் சொன்னால் புத்தகமாகும்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தப் பேனாவைத் திறக்கிறேன். இங்கே என் முழங்கால் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது, மற்றபடி நான் நலம். நாய்க்குக் காதில் இருந்த புண் ஆறிவிட்டது. உன் அப்பாவின் நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, புதுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது, அந்தப் பூரிப்பில் சட்டைப் பித்தான் பூட்ட முடியவில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே யாரு, என்னவாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழுந்த எதுவும் இந்த வீட்டில் வெறும் பேச்சாக நின்றதில்லை என்பது உனக்குத் தெரியாததா. அதனால்தான் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நூலகத்து வாசிப்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று அவர் புத்தக அலமாரியைத் துடைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கத் துடைக்க எனக்கு அருவருப்பாக வந்தது, தூசியால் இல்லை. முன் வரிசையில் கோபத்தை அடக்குவது பற்றிய புத்தகம். அதை எழுதிக்கொண்டிருந்தபோது பென்சில் சீவியைக் காணவில்லை என்று டீ டம்ளரைச் சுவரில் எறிந்தார், கறை இன்னும் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்தில் நீச்சல். கணுக்கால் நனையக்கூடத் தண்ணீரில் இறங்காத மனிதர், நீச்சல் குளத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்தே மூச்சை எப்போது விடுவது, எப்போது இழுப்பது என்று எழுதி முடித்தார். அப்புறம் நாய் வளர்ப்பு. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நம் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும், ஆனால் அட்டையில் அதன் படம். எறும்பு, உப்பு, கப்பல், பங்குச்சந்தை, தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று, அதிகம் தூங்குகிறவர்களுக்கு ஒன்று. சிறுநீரகக் கல் பற்றிய புத்தகம் உன் மாமாவின் வயிற்றிலிருந்து வந்தது. மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு துடித்துக்கொண்டிருக்க, இவர் தலைமாட்டில் உட்கார்ந்து, குத்துற மாதிரி வலிக்குதா பிசையுற மாதிரி வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். உன் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வந்தால் தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த்தான் தும்முகிறாள். அண்ணன் காதுல பட்டா அட்டை போட்டுடுவாரு என்கிறாள். சிரிப்பதற்காகச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

குழாய் ரிப்பேர் புத்தகம் உனக்கு மறந்திருக்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தண்ணீர் வரும் வால்வை மூடாமலே குழாயைக் கழற்றினார், சமையலறை முழுக்கத் தண்ணீர், நீ பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாய். பிளம்பர் வந்து சரி செய்தார், அவர் பேசியதை எல்லாம் இவர் எழுதிக்கொண்டார், அப்படியும் வால்வை மூடச் சொல்லும் வரியை மட்டும் விட்டுவிட்டார். அச்சுக்கு முன் பிழை பார்க்க வருகிற மெய்ப்புத் தாளில் நான் அதைக் காட்டியபோது, நீ எழுத்துப்பிழைய மட்டும் பாரு என்றார். அந்தப் புத்தகம் எத்தனை பதிப்பு போயிற்று, எத்தனை சமையலறை மூழ்கியது என்று யாருக்குத் தெரியும்.

நம் வீட்டு வழக்கம் நீ பார்த்து வளர்ந்ததுதான். அவர் எழுதியதைத் திரும்பப் படிக்க மாட்டார். நான் எழுதுறவன், நீ பார்க்கிறவ என்பார். மெய்ப்பு வந்தால் நான்தான் பார்க்க வேண்டும், நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அச்சகத்துக்குப் போய், கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசித் திருத்தம் முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து விழுந்தால் மெஷின் ஓடும். பதிப்பாளரும் படிப்பதில்லை, அடுத்தது என்ன சார் என்று கேட்பதோடு அவர் இலக்கிய வேலை முடிந்தது. அச்சான புத்தகம் வந்தால் உன் அப்பா அட்டையைத் தடவுவார், மூக்கில் வைத்து முகர்வார், அலமாரியில் சொருகுவார். உள்ளே ஒரு பக்கம் புரட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது வந்திருப்பது மணமுறிவு பற்றி. பிரிந்து வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று ஒரு கையேடு. தலைப்பைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் மனது அவர் பக்கம்தான் சாய்ந்தது. காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகள். நீ புருஷன் வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகு அவர் வாரா வாரம் உன்னைக் கூப்பிட்டார் அல்லவா. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவான குரலில், சொல்லும்மா, அப்புறம், அப்ப உனக்கு எப்படி இருந்தது என்று கேட்பார். நீகூட என்னிடம், அப்பா என்கிட்ட இப்படிப் பேசுவாருன்னு நான் நினைக்கவே இல்லம்மா என்று சொன்னாய். நானும் வெளியே காய் நறுக்கிக்கொண்டே, வயதானால் மனிதன் கனிந்துதான் போகிறான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கனிந்தாராம்! கதவுக்குப் பின்னால் பழைய மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார். சீ, இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

ஏழாவது அத்தியாயம் முழுக்க நீ. பெயரை மட்டும் மாற்றியிருந்தார். பல்செட் செய்கிற கூடத்தில் நீ வேலை செய்வது, பிடி உடைந்த பச்சைப் பெட்டியோடு வெளியே வந்தது, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் அப்படியே இருந்தது, நம்மைத் தெரிந்த எவரும் இரண்டாம் பக்கத்திலேயே இது யார் என்று சொல்லிவிடுவார்கள். அதைக்கூட விடு. அந்த வீட்டில் இருந்த நாட்களில் நீ வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் போகப் பயந்து, மாடிப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாய் என்பதை நான் எப்போது தெரிந்துகொண்டேன் தெரியுமா? ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போன ஒரு வரியில். மாடி வீட்டுக்காரர்கள் கடந்து போகும்போது செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வாய் என்று இருந்தது. நீ பெற்ற தாயிடம்கூட இதைச் சொல்லவில்லை, சொல்ல முடிந்திருக்காது, எனக்குப் புரிகிறது. அப்பாவிடம் சொன்னாய், அவர் கேட்ட விதத்தை நம்பிச் சொன்னாய். அதற்குக் கீழே அவர் ‘பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். என் கையிலிருந்த பேனா அந்தத் தாளிலேயே நின்றுவிட்டது. மை ஊறி ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது.

அவர் முன்னால் தாளைப் போட்டேன். இது நம்ம பொண்ணு, இது வெளியே போகக் கூடாது என்றேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், தடவுவதை நிறுத்தவில்லை. பேரை மாத்திட்டேனே, எத்தனை குடும்பத்துக்கு உபயோகமா இருக்கும் தெரியுமா, இந்தப் புத்தகத்துக்கே அதுதான் உயிர் என்றார். அவளைக் கேட்டீங்களா என்றேன். கேட்டா பேச்சு இயல்பா வராது என்றார். பிறகு, வெண்ணெய் கெட்டியா இருக்கு, முன்னாடியே வெளியில எடுத்து வெச்சா என்ன என்றார். இத்தனை வருடம் இந்த மனிதரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன், அன்றைக்கு அவர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை, என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நான் பேசாமல் போனால் எப்போதும் அப்படித்தான் நினைப்பார்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய், ஏழாவது அத்தியாயம் வேண்டாம் என்றேன். பக்கம் போடுகிற பெண் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, தாளை ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் ஒரு சிக்கல், அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அட்டை முதுகின் அகலத்துக்கு உள்ளே தாள் இருந்தாக வேண்டும், எடுக்கிற பதினாறு பக்கத்துக்குச் சரியாக வேறு ஏதும் இல்லாவிட்டால் புத்தகம் தொளதொளவென்று நிற்கும். எதையாவது போடணுமேம்மா என்றாள். அவர் பழைய புத்தகங்கள் எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், எறும்பு நீளம் போதவில்லை, கப்பலில் படங்கள் அதிகம். அளவெடுத்துத் தைத்த மாதிரி பதினாறு பக்கத்துக்கு ஒன்றுதான் கிடைத்தது, குழாய் ரிப்பேர் புத்தகத்தில் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுப்பது எப்படி என்கிற பகுதி. மணமுறிவுப் புத்தகத்தின் நடுவில் தொட்டி அடைப்பு! அந்தப் பெண் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள், அம்மா, படிக்கிறவங்க இதுல ஏதோ பெரிய தத்துவம் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க என்றாள். பொருளடக்கத்தையும் மாற்றினோம். வால்வை முதலில் மூடவும் என்ற வரியை இந்தத் தடவை நானே சேர்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன். உன் பக்கங்களை அவள் என் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள். மெய்ப்புத் தாளையும், அவர் கையால் எழுதியதையும் துணி ஊறவைக்கிற வாளியில் போட்டுக் கூழாகும்வரை பிசைந்து குப்பையில் கொட்டினேன். வேறு எங்கும் அது இல்லை, நீ நிம்மதியாக இரு.

புத்தகம் வந்தது, தடவினார், முகர்ந்தார், தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். போன வாரம் இருமல் மருந்து வாங்க இரண்டு பேரும் போயிருந்தோம். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, சார், ஏழாவது அத்தியாயம் ரொம்ப உபயோகமா இருந்தது, அன்னிக்கே வீட்ல செஞ்சு பார்த்துட்டேன் என்றார். உன் அப்பா நெஞ்சில் கையை வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அது என் சொந்த ரத்தத்தைத் தொட்டு எழுதினது, எழுதும்போது பல தடவை அழுதுட்டேன் என்றார். மருந்துக்கடைக்காரர் பாவம், அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். எனக்கு வந்தது சிரிப்பு இல்லை. உன் கண்ணீரை இத்தனை பேர் நடுவில் தன் கண்ணீராகக் காட்டி வாங்கிக்கொள்கிற அந்த முகத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

உனக்கும் ஒரு பிரதி தபாலில் வருகிறது, உள்ளே என் அன்பு மகளுக்கு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். பயப்படாமல் பிரி. தொட்டி அடைத்துக்கொண்டால் உதவும், வைத்துக்கொள். அவரிடம் சண்டைக்குப் போகாதே, அழாதே, ஏன் செய்தீர்கள் என்று கேட்காதே, கேட்டால் அந்தக் கேள்விகூட எங்காவது அச்சாகும். அடுத்தது தனியாக வாழும் பெண்கள் பற்றியாம், பதிப்பாளர் கேட்டுவிட்டார், பிள்ளைகிட்ட ஞாயித்துக்கிழமை பேசணும் என்று நேற்றே பென்சில் சீவினார். அவர் கூப்பிட்டால் இங்கே மழை, வேலை அதிகம், சாப்பிட்டாச்சு, அவ்வளவு போதும். எப்படி இருக்கும்மா என்று எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

மற்றதை என்னிடம் சொல். எனக்கு எழுத வராது கண்ணு, பிழை பார்க்க மட்டும்தான் தெரியும். இனிமேல் மதியம் அவர் தூங்குகிற நேரத்தில் நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே நடப்பேன், போன் கையில் இருக்கும். அங்கே உனக்கு அப்போது வேலை முடிகிற நேரம் என்று நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துவிட்டேன். நீ போகிற வீடெல்லாம் உனக்குப் பயமில்லாத வீடாக அமையட்டும், உன் கை தொட்ட வேலை நிலைத்து நிற்கட்டும், உடம்பும் மனசும் தேறி நீ நூறு வருஷம் இரு. இருமல் வந்தால் வெந்நீர் குடி. இப்போது இருக்கிற வீட்டிலும் மாடிப்படி உண்டு என்று நீ சொன்னதாக ஞாபகம். என்றைக்காவது மறுபடி அதில் உட்கார வேண்டி வந்தால், செருப்பு வாரைச் சரி செய்யாதே, என்னைக் கூப்பிடு. நீ எதுவும் பேச வேண்டாம். நீ எழுந்து உள்ளே போகும்வரை நான் போனை வைக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா