நாலாவது அடி எங்கே, அபா?

மார்ச் 3

அக்கா ஹிதாயாவின் நிச்சயத்துக்கு எங்கள் பக்கப் பேச்சாளர் எங்கள் அப்பா, அபாதான். இந்தக் கோலா பிலா ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் பந்துனில், அதாவது நாலடி மலாய்ப் பாட்டில், பெண் கேட்பார்கள். அபா அதைப் பிடித்து, உடனே நாலடியில் திருப்பித் தரவேண்டும். ஒத்திகைக்கு மாப்பிள்ளை வீடு நான். சும்மா விடுவேனா?

ஆத்தங்கரையிலே பாக்கு மரம்,
அதுமேல ஏறுது அணில் நாலு;
மாப்பிள்ளை வாங்கினது தூங்கும் வரம்,
மாமனார் அமுக்கணும் காலு!

அபாவின் பதிலடியில் இந்நேரம் என் மானம் கப்பலேறியிருக்க வேண்டும். அபா, "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை."

நடிக்கிறார்.

மார்ச் 5

நடிப்பில்லை. சின்ன வயதில் கற்ற பந்துன்களைக் கேட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறார். நான் இப்போது சொன்னதில்தான் பாதி நழுவிவிடுகிறது. காது நன்றாக இருக்கிறது, வியாதியும் இல்லை, புதிதாகக் கேட்கும் சொற்கள் இந்த வயதில் அப்படித்தான் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். இதைச் சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் நறுக்கப் போனார். ஏற்கெனவே நறுக்கியாகிவிட்ட வெங்காயம்.

மார்ச் 8

சித்தப்பா பேசட்டுமே என்றாள் அக்கா.

"எம் பொண்ண நாந்தான் குடுப்பேன்" என்றார் அபா. அதோடு முடிந்தது.

மார்ச் 9

அபா, என்னைத் திட்டுங்களேன். நாலடியில்.

மார்ச் 14

இன்று நிச்சயம். அவர்கள் பக்கம் ஆசிரியர் மொக்தார். வாயா அது, மோட்டார். முதல் பந்துனுக்கு அபா சமாளித்தார். இரண்டாவதற்கு உதடு மட்டும் அசைந்தது. கூடமே அவரைப் பார்த்தது. வெற்றிலைத் தட்டோடு பின்னால் இருந்த நான் எட்டிக் குரல் கொடுத்தேன்.

"கூட்டோட கிளியைக் கேக்குறாங்களாம் அபா, குடுக்க மனசு உண்டா இல்லையாங்குறாங்க. கிளி சரி, கூட்டுக்குத் தனி விலைன்னு சொல்லிடுங்க."

கூடம் சிரித்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அபா பிடித்துக்கொண்டார் — நாலடியில் கிளியைக் கொடுத்தார், கூட்டை மறுத்தார். மொக்தாரே கை தட்டினார்.

மார்ச் 15

காப்பி குடிக்கும்போது அபா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கல்யாணத்துக்கு நீ முன்னால உக்காரு. நான் பின்னால இருக்கேன்."

அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

ஏப்ரல் 2

ஒத்திகை. இன்று அபா மாப்பிள்ளை வீடு. பழைய பந்துன் ஒன்றால் கேட்டார். நான் புதிதாகக் கட்டி, குறும்பும் காரமுமாகத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன், மெதுவாக.

"நல்லா இருக்கு" என்றார். எழுந்து கோழிகளை அடைக்கப் போனார்.

நல்லா இருக்காம். ஜெயித்துவிட்டேன்.

நாலடியில் பதில் வருமென்று உட்கார்ந்திருந்தேன்.