இரண்டு தொண்டையில் ஒரு பையன்

1993 ஜனவரி 12, போ பசான்

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே காவடிப் பாட்டை எடுத்துப் பார்த்தேன். மேலே ஏறுகிற இடத்தில் குரல் இன்றும் வெறும் காற்றாகப் போய்விட்டது. டிசம்பரிலிருந்தே இந்தக் கூத்துதான். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று.

மாலையில் ரோஸ்ஹில்லில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னக் கட்டியாம். பயப்படுகிற கட்டி இல்லையாம். திங்கட்கிழமை எடுத்துவிடலாம், அதன்பிறகு இரண்டு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுப்புக்கூடக் கூடாது என்றார்.

"குரல் பழையபடி வருமா?" என்று இவர் கேட்டார்.

"குரல் வரும். பழையபடி என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜனவரி 13

இந்தத் தீவில் நான் யார்? திருப்பூரிலிருந்து பனியன் ஃபாக்டரிக்கு வந்த சாய மாஸ்டர் பாலசுப்பிரமணியத்தின் மனைவி. அது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், காவடியன்று முதல் அடி எடுத்துக் கொடுக்கிறவள். அது எல்லோருக்கும் தெரியும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அத்தனை பேரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் ஒன்று சொன்னால் தெருவே திருப்பிச் சொல்லும்.

அது போய்விட்டால்?

ஊரிலிருக்கிற அம்மாவிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு போன் பண்ணுவேன். லைன் எவ்வளவு கரகரத்தாலும் என் ஹலோவை வைத்தே சாப்பிட்டேனா, இவரோடு சண்டையா என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குக் கடலுக்கு இந்தப் பக்கத்தில் என் குரல் ஒன்றுதானே மகள்.

ஜனவரி 20

ஆயிற்று. வலி பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வலி.

இவருக்குக் குஷி தாங்கவில்லை. "கல்யாணமான நாளா இப்பத்தான், அம்மிணி, என்ற பேச்சு முழுசா முடியுது." சீட்டில் 'இருங்க, வர்றேன்' என்று எழுதி நீட்டினேன்.

பொழுது போகாமல் மொரிதாவின் பெட்டியைத் திறந்தேன். அவர் ஜப்பான்காரர், ஃபாக்டரிக்கு நிட்டிங் மெஷின் பூட்ட வந்தவர். ஊருக்குப் போகும்போது டேப் போடுகிற தன் பெட்டியையும், அவர் மனைவி பதிவு செய்து அனுப்பிய கார்ட்டூன் கேசட்டுகளையும் எங்களிடம் விட்டுப்போனார். அந்த ஊர் டேப்பும் இந்த ஊர் டிவியும் ஒத்துப்போகவில்லை. கலர் வராது, கறுப்பு வெள்ளைதான்.

ஒரு பையன், பெயர் ஷோகிச்சி. ஹனா என்று ஒரு கிழட்டுக் குதிரை. இரண்டு பேரும் சேர்ந்து மலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறார்கள். பேச்சில் ஒரு சொல் புரியவில்லை. ஆனால் ஒருத்தி சோறு நீட்டும்போது, பசியோடு தலையை ஆட்டி வேண்டாம் என்கிறானே — அது பொய் என்று புரிந்தது. எப்படிப் புரிந்தது?

ஜனவரி 21

காலையிலிருந்து அவனோடுதான். ஓடும்போது குரல் குலுங்குகிறது. குளிரில் பல்லுக்குப் பின்னால் நின்றுகொள்கிறது. கூச்சப்பட்டால் மூக்குக்குப் போகிறது. எங்கேயோ ஒரு கெட்டிக்காரப் பையனைப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அது பையனில்லீங்க அம்மிணி. குரல் குடுக்கறது பொம்பளை. மொரிதா சொன்னாரு, அவங்கம்மா வயசிருக்குமாம்."

நம்பவில்லை. எழுந்துபோய் மறுபடி போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பையன். மறுபடி கேட்டேன். பையனேதான். அம்பது வயதுத் தொண்டைக்குள் பால்பல் விழாத ஒரு பையன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? கையெல்லாம் புல்லரித்துவிட்டது. நாற்பதுகூட ஆகாத நான், ஒரு கட்டிக்கே கதிகலங்கிப் போயிருக்கிறேன்.

ஜனவரி 23

பக்கத்து வீட்டு ஒதில் ஒரு கூடை லொங்கான் பழத்தோடு வந்தாள். அவளுடைய முப்பாட்டனும் நம் பக்கம்தான். ஆனால் மாதா கோயில், இந்த ஊர்க் கிரியோல் பேச்சு. தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'அயோ'வும் ரசமும். நாலு வருடத்தில் அவள் கிரியோல் எனக்குத் தண்ணீர் பட்டபாடு.

வாசலிலேயே நின்று டிவியைப் பார்த்தவள் கூடையைத் தொப்பென்று வைத்தாள். "அயோ! டாமி!"

யார் டாமி? நான் கையை விரித்தேன். ஓடிப்போய் ஒரு கேசட்டோடு திரும்பி வந்தாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற அவள் தம்பி ரெஜிஸ் அனுப்பியது. பிள்ளைகள் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்பினானாம், பார்ப்பதென்னவோ இவள்தான்.

போட்டால் — அதே மலை, அதே பையன், ஆனால் கலரில்! குதிரை செம்பழுப்பாம். இத்தனை நாள் சாம்பல் குதிரை என்று இருந்தேன். ஷோகிச்சி டாமியாகிவிட்டான். ஹனா, பிளாசம். வாயைத் திறந்தான். வேறு யாரோ பேசினார்கள்.

என் பையனை யாரோ மாற்றிவைத்த மாதிரி இருந்தது. கோபம்கூட வந்தது. வாய் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜனவரி 24

முதலில் ஜப்பான், அப்புறம் இங்கிலீஷ். ஒவ்வொரு கதையும் இரண்டு தடவை.

டாமி வாயாடி. ஷோகிச்சி காற்றைக் கேட்டுக்கொண்டு சும்மா போகிற இடத்தில், இவன் "அடேயப்பா, என்ன குளிர்!" என்கிறான். தெரிகிறதேடா, பனி மூக்கில் ஒட்டியிருக்கிறது! அந்த அம்மாள் ஒரு மூச்சில் சொன்னதை இவன் ஒரு பத்தியாகச் சொல்கிறான். ஒதிலுக்கு இது பிடித்திருக்கிறது. "உன் பையன் ஊமை. என் பையனுக்கு உயிர் இருக்கிறது" என்கிறாள். அவளிடம் வாதாட முடியாத நிலையில் கடவுள் என்னை வைத்தான்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். வாயசைவு ஜப்பான் பேச்சுக்கு வரைந்தது. அதற்குள் இங்கிலீஷை அடக்க வேண்டும், வாய் மூடும்போது சொல் முடிய வேண்டும். மெட்டுக்குள் சொல்லை உட்கார்த்துகிற வேலை. பாடுகிறவளுக்கு அது எவ்வளவு பாடு என்று தெரியும். கடைசியில் ஓடின பெயர்களை ஒதில் நிறுத்திப் படித்தாள். டாமியும் ஒரு பெண்பிள்ளைதான்!

ஜனவரி 28

இன்று கோயிலில் கொடி ஏறியது. இனிக் காவடி வரைக்கும் எல்லோருக்கும் கரேம் — விரதத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

அதனால் வந்தது வினை. கோயில் செயலாளர் ஞானசம்பந்தம் தட்டு நிறையப் பழத்தோடு வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தலை குனிந்து நின்றார். நான் மௌன விரதம் இருக்கிறேனாம்! கொடியேறும் முன்பே தொடங்கிவிட்டேனாம்! காவடியன்று வாயில் வெள்ளி வேல் குத்திப் பேச்சை அடைக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். பேசாதவளைக் கண்டால் வேறென்ன நினைப்பார்கள்? இல்லை, தொண்டை, ஆபரேஷன் என்று சைகை காட்டினேன். கழுத்தை அறுத்துக்கொள்வது போல அது ஆகிவிட்டது. அவர் இன்னும் பயபக்தியோடு கும்பிட்டார். சீட்டில் எழுதலாம் என்றால் அவருக்குத் தமிழ் படிக்க வராது. இங்கிலீஷில் எழுதப் போனேன். "வேண்டாம், மேடம், வேண்டாம். எழுதினாலும் விரதம் கலையும்" என்று கிரியோலில் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் டிவியில் ஷோகிச்சி ஏதோ கத்தினான். ஞானசம்பந்தம் மெதுவாக, "இது எந்தச் சாமி கதை?" என்றார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முழுக் கதையும் பார்த்தார். போகும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி: "குதிரை பிழைக்குமா?"

ஜனவரி 29

பிழைக்கவில்லை.

ஜப்பான் டேப்பில் முதலில் பார்த்தேன். பனியில் ஹனா முழங்கால் மடிந்து விழுகிறது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். இன்னும் உரக்க. இன்னும் — குரல் கிழிகிறது. நிஜமாகவே கிழிகிறது, எனக்குத் தெரியும், அந்த இடம் எனக்குத் தெரியும். ஐயோ, அந்தம்மா தொண்டை என்னத்துக்காகும்! பாவி, ஒரு கார்ட்டூன் குதிரைக்காகவா இப்படி!

ஒதில் வந்தபின் இங்கிலீஷைப் போட்டோம். வாயாடி டாமி. என்ன உளறப்போகிறானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். அதை விடவில்லை. அப்புறம் "பிளாசம்" என்று, காதுக்குள் சொல்கிற மாதிரி, ஒரே தடவை.

ஒதில் விசும்பினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சத்தம் வரக்கூடாதே என்று.

ஒருத்தி கத்தினாள், ஒருத்தி மூச்சைப் பிடித்தாள். இரண்டு தேசம், இரண்டு தொண்டை, ஒருத்தியை ஒருத்தி பார்த்திருக்கவே மாட்டாள். பையன் ஒருவனே. கத்தாத இவளிடமும் அந்தக் கதறல் இருந்தது. அப்படியென்றால் அவன் குரலில் இல்லையா? எங்கே இருக்கிறான்? நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 1

டாக்டர் பேசச் சொன்னார். "அ" என்றேன்.

யாரது?

கீழே, தடியாக, ஓரத்தில் உமி ஒட்டினது போல. பழைய குரலின் மேல்பாதி இல்லை. நன்றாக ஆறியிருக்கிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். இவர் என் கையைப் பிடித்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். பொய் சொல்லும்போது இவருக்கு எப்போதும் வார்த்தை இழுக்கும். இழுத்தது.

டிவியில் குரல் மாறுறதெல்லாம் நல்லா இருக்கும். என் வாயில வேற எவளோ பேசறாளே, நான் என்ன பண்ண?

காவடி நாள்

நான் முதல் அடி எடுக்கவில்லை. சீதா எடுத்தாள். தையல் ஃபாக்டரியில் வேலை, வெள்ளிக்கிழமை வகுப்பில் கடைசி வரிசை. 'ழ'வெல்லாம் கிரியோலில் குளித்து வந்தது. போன வருடம் என்றால் நிறுத்தித் திருத்தியிருப்பேன். இன்று வெயிலில் பால்குடத்தோடு நடந்துகொண்டே கேட்டேன். மேலே ஏறுகிற இடத்தில் அவளால் ஏற முடியவில்லை. ஏறாமல், கீழேயே நின்று, அழுத்திச் சொன்னாள். தெரு முழுக்கத் திருப்பிச் சொல்லியது.

நானும் திருப்பிச் சொன்னேன், கூட்டத்தோடு கூட்டமாக. பக்கத்திலிருந்த ஞானசம்பந்தம் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். "விரதத்துக்கு முருகன் கொடுத்தது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இப்போது வந்து நிஜத்தைச் சொன்னால் என்னைத்தான் நம்ப மாட்டார்கள். சீதா, "வெள்ளிக்கிழமை வருவீங்களா, மேடம்?" என்றாள். தலையை ஆட்டினேன். ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 14

போன் பண்ணும் ஞாயிறு. காலையிலிருந்து தள்ளிப்போட்டேன். இவர் எண்ணைச் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"ஹலோ" என்றேன்.

"ஆருங்க?"

"நான்தாம்மா."

"ஆருங்க பேசறது? ஆரு வேணும் உங்களுக்கு?"

பெற்றவள். ஆருங்க என்கிறாள். சாந்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போனது. அங்கேயே நின்றது. லைன் மட்டும் இரைந்தது.

"சாந்தியா?" என்றாள் அம்மா. "ஏன் கண்ணு, அழுவறயா?"

நான் ஒன்றுமே சொல்லலீயேம்மா என்றேன், அந்தத் தடித்த குரலில்.

"நீ சொன்னாத்தானா? உன்ற மூச்சு எனக்குத் தெரியாதாக்கும்? சின்னதுல இருந்தே இப்படித்தான், அழுகைய முழுங்கீட்டு நிப்ப. தொண்டைக்கு என்ன? சளியா? அங்க மழையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் திட்டினாள், மறைத்ததற்கு. நானும் பதிலுக்குத் திட்டினேன். அவள் என் குரலைப் பற்றி அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பழகிவிட்டது போல.

மாலையில் ஒதிலிடம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மொரிதாவின் டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஊமைப் பையனைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். வரும் வழியில் சீதாவின் அண்ணனைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சீதாவே முதல் அடி எடுக்கட்டும், சுருதியில் ஒரு கட்டை குறைத்து, நான் அவள்கூட நின்று பாடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.